கோஆக்ஸியலா, காம்போனென்டா? கதவைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. காரோடு வந்த ஸ்டீரியோவை மாற்றும் எண்ணம் இல்லை, முன்கதவு ஸ்பீக்கர்களை மட்டும் மாற்ற வேண்டும். கையில் இரண்டு தேர்வுகள். ஒன்று 6.5 அங்குல கோஆக்ஸியல் (பேஸுக்கான வூஃபரும் மேல்சுருதிக்கான ட்வீட்டரும் ஒரே ஸ்பீக்கரில் இருப்பது), சென்சிட்டிவிட்டி 92 டெசிபல், 60 வாட் ஆர்எம்எஸ். இன்னொன்று அதே அளவில் காம்போனென்ட் செட் (வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது), 87 டெசிபல், 90 வாட் ஆர்எம்எஸ், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் பெட்டியில் 300 வாட் என்றும் இரண்டாவதில் 400 வாட் என்றும் பெரிதாக அச்சிட்டிருக்கிறது. காம்போனென்ட்தான் உயர்ந்தது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதையே வாங்கிவிடலாமா?

ஆம்ப், அதாவது ஸ்பீக்கருக்குக் கூடுதல் வாட் தரும் ஆம்ப்ளிஃபயர், தனியாகப் போடப் போவதில்லை என்றால் வேண்டாம். அந்தக் காரில் கோஆக்ஸியல்தான் நன்றாகப் பாடும். காம்போனென்ட் மட்டமானது என்பதால் இதைச் சொல்லவில்லை. அது கேட்கும் தீனியை உங்கள் ஸ்டீரியோவால் போட முடியாது, அவ்வளவுதான். விவரமாகச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.

பெட்டியில் இருக்கும் 300, 400 எல்லாம் பீக் கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஸ்பீக்கர் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் எண் அது. அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆர்எம்எஸ் என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அதிலும் ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 90 வாட் ஆர்எம்எஸ் என்றால் ஸ்பீக்கர் 90 வாட் சத்தம் போடும் என்று அர்த்தமில்லை. 90 வாட் வரை கொடுத்தால் கருகாது என்றுதான் அர்த்தம். எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்பது ஸ்டீரியோவின் கையில் இருக்கிறது.

ஸ்டீரியோ எவ்வளவு கொடுக்கும்? இன்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் சிப் அந்த 14.4-ஐ வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். வோல்டேஜை ஏற்றிக்கொள்ளும் வசதி சாதாரண ஸ்டீரியோவில் கிடையாது. 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சிதையாத அலையாக வரக்கூடிய உச்சத்தைக் கணக்குப் போட்டால் 26 வாட்டை எட்டுவதற்குள் நின்றுவிடும். சிப்பிலேயே கொஞ்சம் இழப்பு உண்டு. ஆக, கைக்கு வருவது 20 வாட்டை ஒட்டித்தான். அப்படியானால் ஸ்டீரியோக்களின் முகப்பில் '50 வாட் x 4' என்று போட்டிருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள். 51.84 வரும். அலையின் மேலும் கீழும் முழுக்க வெட்டுப்பட்டு, சதுரமாகிப் போன நிலையில் கிடைக்கும் வாட் அது. அந்த நிலையில் பாட்டு இருக்காது, கரகரப்புதான் இருக்கும். அதனால்தான் சிஇஏ-2006 என்றொரு அளவீட்டு முறை வந்தது. 14.4 வோல்ட்டில், 4 ஓமில், சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் எத்தனை வாட் வருகிறது என்று அதில் அளக்கிறார்கள். ஸ்டீரியோவானாலும் ஆம்ப் ஆனாலும் விவரக் குறிப்பில் அந்தப் பெயரோடு இருக்கும் எண்ணை நம்பலாம்.

சரி, கையில் இருப்பது 20 வாட். இங்கேதான் சென்சிட்டிவிட்டி வருகிறது. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அந்த எண். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். 20 வாட் என்பது ஒரு வாட்டைவிட 13 டெசிபல் கூடுதல். ஆக, முதல் ஸ்பீக்கர் 105 டெசிபல் வரை போகும், இரண்டாவது 100-இல் நின்றுவிடும். ஐந்துதானே என்று தோன்றலாம். கோஆக்ஸியல் 20 வாட்டில் போடும் சத்தத்தை அந்த காம்போனென்ட் போட வேண்டுமானால் 63 வாட் வேண்டும். உங்கள் ஸ்டீரியோவைப் போல மூன்று ஸ்டீரியோ சேர்ந்தாலும் அது வராது.

முதன்முதலில் என் காருக்கு ஸ்பீக்கர் மாற்றியபோது எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. நல்ல கனமான காந்தம் வைத்த காம்போனென்ட் செட் ஒன்றை வாங்கி, பழைய ஸ்டீரியோவிலேயே மாட்டினேன். பழைய ஸ்பீக்கரில் வால்யூம் 15-இல் கேட்ட சத்தத்துக்கு இப்போது 22 வைக்க வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கினால் பாட்டு காற்றில் கரைந்துவிடும். வால்யூமை இன்னும் ஏற்றினால் குரல் கம்மி, காதைக் குத்த ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கக்கூடக் கிளம்பிவிட்டேன். கழற்றி வைத்திருந்த பழைய ஸ்பீக்கரைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத காகிதக் கூம்பு, எட்டணா அளவுக்கு ஒரு காந்தம். பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் கூம்பு அவ்வளவு லேசாக இருப்பதால்தான் கொஞ்சம் மின்சாரத்திலேயே சத்தமாகப் பாடுகிறது. கார் கம்பெனிக்காரர்கள் அந்த 20 வாட்டை மனதில் வைத்தே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கனமான கூம்பை அசைக்க ஆம்ப் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஸ்பீக்கர்களின் சென்சிட்டிவிட்டியை ஒப்பிடும் முன் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். சிலர் ஒரு வாட்டில் அளப்பார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட், எனவே எண் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். ஒருவர் 90 என்று எழுதியிருப்பதும் இன்னொருவர் 87 என்று எழுதியிருப்பதும் ஒரே ஸ்பீக்கராக இருக்கலாம். அதேபோல ஓம் அளவையும் கவனியுங்கள். 2 ஓம், 3 ஓம் ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவிலிருந்து கூடுதல் கரண்டை இழுத்துச் சத்தத்தைக் கூட்டும். ஆனால் ஸ்டீரியோவின் குறிப்பில் குறைந்தபட்சம் 4 ஓம் என்று இருந்தால் 2 ஓமை மாட்டாதீர்கள், சிப் சூடாகி நின்றுவிடும்.

இனி, காம்போனென்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று பார்ப்போம். மதிப்புக்குக் காரணம் இருக்கிறது.

கோஆக்ஸியலில் வூஃபரின் நடுவிலேயே ஒரு தண்டு எழுப்பி, அதன் தலையில் ட்வீட்டரை வைத்திருப்பார்கள். பழைய ஸ்பீக்கர் இருந்த ஓட்டையில் அப்படியே உட்காரும். இரண்டு கம்பி, நான்கு திருகு, வேலை முடிந்தது. காம்போனென்டில் வூஃபர் தனி, ட்வீட்டர் தனி, இரண்டுக்கும் நடுவே அலைவரிசையைப் பங்கிட்டுக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பெட்டி தனி. கிராஸ்ஓவரில் காயிலும் கப்பாசிட்டரும் சேர்ந்து இரண்டையும் சுத்தமாகப் பிரிக்கும். மலிவான கோஆக்ஸியலில் பெரும்பாலும் ட்வீட்டர் கம்பியில் ஒரு கப்பாசிட்டர் மட்டும்தான் இருக்கும், வூஃபருக்குத் தடுப்பே இருக்காது.

ஆனால் அதைவிடப் பெரிய லாபம் ட்வீட்டரை நாம் விரும்பும் இடத்தில் வைக்கலாம் என்பது. கதவு ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். கணுக்காலுக்குப் பக்கத்தில், எதிர்க் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. பேஸ் ஒலிக்கு அதனால் பாதகமில்லை, அது எல்லாப் பக்கமும் பரவும். மேல்சுருதி அப்படிப் பரவாது, டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். 2500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர், 6.5 அங்குலக் கூம்பின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு மேல் போகப்போக வூஃபரின் ஒலி குறுகி, எதிரே இருக்கும் முழங்காலிலும் சீட்டு விளிம்பிலும் போய் முட்டும். கோஆக்ஸியலின் ட்வீட்டரும் அதே இடத்தில் இருந்துகொண்டு அதே முழங்காலுக்குத்தான் பாடுகிறது.

ட்வீட்டரை மேலே கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதைக் காதால் கேட்டால்தான் நம்புவீர்கள். நான் நண்பர்களின் காருக்குச் செய்யும்போது ட்வீட்டரை உடனே திருகி வைப்பதில்லை. நீளமாகக் கம்பி விட்டு, தெரிந்த ஒரு பாட்டை மெதுவாக ஓடவிட்டு, ட்வீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்வேன். முதலில் கதவின் அடியில் பிடிப்பேன், குரல் காலடியிலிருந்து வரும். அப்படியே மேலே கொண்டுபோய்க் கண்ணாடி மூலையில், பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கும் முக்கோணத்தில் வைப்பேன். பாடுகிறவர் எழுந்து டாஷ்போர்டின் மேல் வந்து நிற்பார். இன்னும் கொஞ்சம் காதுப் பக்கம் திருப்பினால் 'ஸ', 'ச' எழுத்துகள் சீறும். ஒரு விரல்கடை அந்தப் பக்கம் திருப்பினால் சீறல் அடங்கி, குரல் மட்டும் நிற்கும். அந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிவிட்டு, ஒரு வாரம் ஓட்டிக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். அதற்கப்புறம்தான் ஓட்டை. முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் திரை ஏர்பேக் இருக்கும் கார்களில் அந்தத் தூணுக்குள் கம்பியை ஏர்பேக்கின் மேலாக இழுக்கவே கூடாது, திருகும் போடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

ட்வீட்டரையும் கதவின் கீழேயே, வூஃபருக்குப் பக்கத்தில் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காம்போனென்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண். அந்த நிலையில் கோஆக்ஸியலே போதும். உங்கள் காரில் ஏற்கெனவே மேலே ட்வீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் காம்போனென்ட் ட்வீட்டரைப் பெரும்பாலும் அதே இடத்தில் அடாப்டர் வைத்துப் பொருத்தலாம், வேலை சுலபம். அதே காரில் கோஆக்ஸியல் போட்டு, பழைய ட்வீட்டரையும் விட்டுவைத்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்வீட்டர் பாடும். ஒலி கூர்மையாகி அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். பழையதன் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

இனி கதவு. கோஆக்ஸியலோ காம்போனென்டோ, எதை வாங்கினாலும் ஸ்பீக்கரில் பாதி கதவுதான் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. கார் ஸ்பீக்கருக்கு அந்தப் பெட்டி கதவுதான், அதுவும் ஓட்டை விழுந்த பெட்டி. டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றினால் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய பெரிய துளைகள் தெரியும், அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கம் காற்று உறிஞ்சப்படுகிறது. அந்தத் துளைகள் வழியாகப் பின்காற்றும் முன்காற்றும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அலைநீளம் பெரிதாக உள்ள பேஸ்தான் இதில் முதலில் காணாமல் போகும். 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3.4 மீட்டர், அதற்கு முன்னால் கதவு ஒன்றுமே இல்லை. "புது ஸ்பீக்கர் போட்டும் பேஸ் வரவில்லை" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சிக்கல் இங்கேதான்.

வெளித்தகட்டின் உள்பக்கத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் தொடங்கி, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்ட வேண்டும். முழுக்க மூட வேண்டியதில்லை. தகட்டின் அதிர்வை அடக்கக் கால்வாசிப் பரப்பே போதும், மீதியெல்லாம் கதவுக்குப் பாரம். ஒட்டும் முன்னும் பின்னும் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். முன்னால் தகர டப்பா மாதிரி 'டங்' என்று அதிரும், ஒட்டி உருளையால் அழுத்தியபின் கட்டையைத் தட்டினதுபோல் 'டொக்' என்று நிற்கும். அப்புறம் உள்தகட்டின் பெரிய துளைகளை மூட வேண்டும். வெறும் ஷீட்டை விரித்தால் அது தோல்போல விம்மும், அதனால் பெரிய துளைகளுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தகடு வெட்டி வைத்து அதன் மேல் ஷீட்டை ஒட்டுங்கள். ஸ்பீக்கர் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் பட்டை ஒட்டி, காற்று கசியாமல் இறுக்குங்கள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வெளியேறும் துளைகள் இருக்கும். அவற்றை எந்தக் காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், தண்ணீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். தார் கலந்த மலிவு ஷீட் வெயிலில் இளகி நாறும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஒரே பட்ஜெட்டில் விலை கூடிய ஸ்பீக்கரை வெறும் கதவில் மாட்டுவதா, நடுத்தர ஸ்பீக்கரோடு கதவு வேலையும் செய்வதா என்றால் நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வெறும் கதவில் 'பொத்' என்று விழும். கதவை அடைத்தபின் அதே தட்டுக்கு ஒரு ஆரம்பமும் ஒரு முடிவும் இருக்கும்.

பேஸ் காணாமல் போக இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறிப்போவது. ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும், பேஸ் இரண்டுக்கும் நடுவில் செத்துவிடும். தெரிந்தவர் ஒருவர் பொருத்தும் இடத்தில் கொடுத்துப் போட்ட புது ஸ்பீக்கருக்குப் பேஸே இல்லை என்று வருத்தப்பட்டார். பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் திருப்பச் சொன்னேன், பேஸ் கூடியது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும்போது பேஸ் கூடுகிறது என்றால் கம்பி மாறியிருக்கிறது என்பது நிச்சயம். மாட்டும் முன்பே சோதிக்க வேண்டுமானால், ஸ்டீரியோவில் சேர்க்காத ஸ்பீக்கரின் பிளஸ் முனையில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸையும், மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு வெளியே எழும்ப வேண்டும்.

ஆம்ப் பற்றி. பின்னாளில் போடும் எண்ணம் உறுதியாக இருந்தால் காம்போனென்டை இப்போதே வாங்குவதில் தவறில்லை, அதுவரை சத்தம் குறைவாக இருக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள். நான்கு சேனல், சேனலுக்கு 60 முதல் 75 வாட் ஆர்எம்எஸ் தாராளம். பேட்டரியிலிருந்து வரும் பவர் கேபிளில், பேட்டரியை ஒட்டி அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். கேபிள் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் தீ பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான். ஆம்பில் இருக்கும் கெய்ன் திருகு வால்யூம் அல்ல, ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்பை இணங்க வைப்பதற்கு உள்ளது. அதை முழுக்கத் திருப்பினால் அலை வெட்டுப்படும், ட்வீட்டர்தான் முதலில் கருகும்.

ஆம்ப் இல்லாவிட்டாலும் ஸ்டீரியோவின் அமைப்புகளில் ஹை பாஸ் ஃபில்டர் என்று, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள பேஸைத் தடுக்கும் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதே சத்தத்துக்கு 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்கும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டியிருக்கிறது, கதவு ஸ்பீக்கரால் அது முடியாது. அந்தப் பாரத்தை இறக்கிவிட்டால் குரல் தெளியும், வால்யூமும் இன்னும் கொஞ்சம் ஏறும். அதற்குக் கீழே உள்ள பேஸ் வேண்டுமென்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குல சப்வூஃபர், ஆம்ப் உள்ளேயே இருப்பது, நல்ல வழி. டிக்கியை அடைத்துக்கொள்ளாது.

பின்கதவு ஸ்பீக்கர்களை அப்படியே விடுங்கள். மேடை நமக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும் அளவுக்கு அவை பாடினால் போதும். ட்வீட்டர் பட்டுத் துணியாலானதா, அலுமினியத்தாலானதா என்றால் பட்டு மென்மையாகவும் உலோகம் சற்று கூர்மையாகவும் இருப்பது வழக்கம், ஆனால் வைக்கும் கோணம் அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொடுக்கும். கூம்பின் விளிம்பு ரப்பராக இருக்கட்டும், ஃபோம் சில வருடங்களில் பொடிந்துவிடும். கடைப் பலகையில் வரிசையாகப் பாடவிட்டுக் கேட்பதை நம்பாதீர்கள். சென்சிட்டிவிட்டி கூடியது சத்தமாகக் கேட்கும், சத்தமானது நல்லதாகத் தோன்றும். காரோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம்.

ஆக, ஸ்டீரியோ அதேதான், ஆம்ப் இல்லை என்ற நிலையில் உங்களுக்கு 92 டெசிபல் கோஆக்ஸியல், மிச்சமாகும் பணத்துக்கு இரண்டு முன்கதவுகளுக்கும் டேம்பிங். வாங்கும் முன் ஒரு கதவின் டோர் பேடைக் கழற்றி, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். 6.5 அங்குலம் என்று இருந்தாலும் காந்தத்தின் ஆழம் மாடலுக்கு மாடல் மாறும். ஆழம் பற்றவில்லை என்றால் கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் இடிக்கும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் தைரியமாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்பேசர் வளையம் வேண்டும், அதை வைத்தபின் டோர் பேட் மூடுகிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.